இளைஞர் மனநலம்: முதல் படி பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம்

குற்றால அருவியில் நின்றால் சித்தம் தெளியும் என்பது தென்காசிப் பக்கத்துப் பழைய பேச்சு. அருவி உடம்பைக் குளிர்விக்கும், மனநோய்க்கு மருந்தாகாது.

நம் பிள்ளைகள் 'மனசு சரியில்லை' என்று எளிதில் சொல்வதில்லை. தலைவலி, படபடப்பு, தூக்கமின்மை என்றுதான் சொல்வார்கள். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் பேச்சும் குறைந்திருந்தால், பக்கத்திலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் செல்வோம். மருத்துவரிடம் பிள்ளை தனியாகப் பேச இடம் கொடுப்போம். தேவைப்பட்டால் மாவட்ட மனநலத் திட்ட மருத்துவரிடம் அவர் அனுப்பிவைப்பார்.

2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் தீயில் இறந்ததை நாம் மறக்கக்கூடாது. சங்கிலியிடுவதை 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்கிறது. அரசு மனநல சிகிச்சையை உரிமையாக்கி, நோயாளியின் விவரங்களை ரகசியமாகக் காக்கவும் சொல்கிறது. ஆகவே 'வெளியே தெரிந்தால் சம்பந்தம் அமையாதே' என்று அஞ்சி ஒளித்துவைக்க வேண்டாம்.

துஆ செய்வோம், மருந்தையும் நிறுத்தாமல் கொடுப்போம். சாவைப் பற்றிப் பிள்ளை பேசினால் தனியே விடாமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வோம். 14416 என்ற இலவச எண்ணில் இரவும் பகலும் ஆலோசனை கிடைக்கும்.