மடியில் கனம்

‘மடியில் கனமில்லையேல் வழியில் பயமில்லை’ என்பது நம் ஊர்களில் நாள்தோறும் வழங்கும் பழமொழி. அண்மைக் காலத்தில் இப்பழமொழிக்குப் புதியதொரு வேலை வந்து வாய்த்திருக்கிறது. தெருமுனையில் கண்காணிப்புக் காமிரா பொருத்தப்படும்போதும், கைபேசியிலுள்ள செயலி நம் இருப்பிடத்தை அறிய அனுமதி கேட்கும்போதும், துணிக்கடையில் பணம் செலுத்துமிடத்தில் நம் தொலைபேசி எண்ணைக் கேட்கும்போதும், யாரேனும் ஒருவர் தயங்கினால், அருகிலிருப்பவர் உடனே இப்பழமொழியைச் சொல்லிவிடுகிறார். தவறு செய்யாதவருக்குத் தயக்கம் எதற்கு என்பது அதன் பொருள். நாமும் பிறரிடம் இவ்வாறு சொல்லியிருக்கிறோம். பிறர் சொல்லக் கேட்டு வாயடைத்தும் போயிருக்கிறோம்.

இக்கேள்விக்கு விடை தேட வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்ப்பது நன்று. மனிதரை அடையாளங்கண்டு பதிந்து கண்காணிக்கும் கலை, நேற்று முளைத்ததன்று. அதன் முதன்மையான கருவிகளுள் ஒன்று நம் இந்திய மண்ணிலேயே வளர்ந்தது. அது கணினியோ கைபேசியோ அன்று. நம் விரல் நுனியிலுள்ள ரேகை.

1858 ஆம் ஆண்டு. வங்காளத்தில் ஜங்கிப்பூர் என்னும் ஊர். அங்கே ஆட்சிப் பணியிலிருந்த வில்லியம் ஹெர்ஷல் என்ற இளம் ஆங்கிலேய அதிகாரி, சாலை போடுவதற்குரிய பொருளை வாங்க இராஜ்யதர் கோனாய் என்ற உள்ளூர் ஒப்பந்தக்காரருடன் உடன்படிக்கை செய்துகொண்டார். கையெழுத்து மட்டும் போதுமென அவருக்குத் தோன்றவில்லை. கோனாயின் உள்ளங்கையில் மை தடவி, பத்திரத்தின் பின்புறம் அழுத்தச் செய்தார். பின்னாளில் இக்கையெழுத்து என்னுடையதன்று என்று அவர் மறுக்கத் துணியாதபடி அச்சுறுத்துவதே தம் நோக்கமாயிருந்தது என்று ஹெர்ஷலே 1916 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் ஒப்புக்கொள்கிறார். ஒரு மனிதரின் வாக்கை நம்பாத இடத்தில்தான் அவருடைய கைக்கு மை பூசப்பட்டது என்பதை நாம் கருத்தில் கொள்ள வேண்டும்.

ஆயினும் ஹெர்ஷலைக் கொடியவர் என்று சொல்வதற்கில்லை. 1877 ஆம் ஆண்டில் ஹூக்ளியில் நீதிபதியாயிருந்தபோது ஓய்வூதியம் பெறுவோரிடமும், பத்திரம் பதிவு செய்வோரிடமும் விரல் ரேகை பெறும் முறையை அவர் புகுத்தினார். இறந்தவர் பெயரால் மற்றொருவர் ஓய்வூதியம் வாங்குவதையும், பொய்ப் பத்திரம் எழுதி ஏழையின் நிலத்தைப் பறிப்பதையும் தடுக்க அது உதவியது. அதே ஆண்டில் சிறைச்சாலையிலும் அம்முறை நுழைந்தது. தண்டனை பெற்றவருக்குப் பதிலாக வேறொருவர் சிறையிருப்பதைத் தடுப்பதே காரணம். உரியவருக்கு உரியதைச் சேர்க்கும் கருவியாகவும், குற்றவாளியைப் பூட்டிவைக்கும் கருவியாகவும் ஒரே மையும் ஒரே தாளும் ஒரே ஆண்டில் பயன்பட்டன. இவ்விரண்டு நோக்கங்களும் அன்றுமுதல் பிரியவே இல்லை.

1897 ஆம் ஆண்டில் கல்கத்தாவில் விரல் ரேகைப் பதிவகம் தொடங்கப்பட்டது. வங்காளக் காவல்துறைத் தலைவர் எட்வர்டு ஹென்றியின் பெயரால் இன்றும் வழங்கும் வகைப்பாட்டு முறையை உருவாக்குவதில் அஜிஜுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்னும் இரு இந்தியக் காவல் அலுவலர்களின் உழைப்பு பெரும்பங்கு வகித்தது. பத்து விரல்களின் ரேகைகளையும் 1,024 பிரிவுகளில் அடக்கினர். ஆயிரக்கணக்கான தாள்களுள் வேண்டிய ஒன்றைச் சில நிமிடங்களில் எடுத்துவிட இயன்றது. ஒருவரின் ரேகையைப் பதிந்துவைப்பது எளிது. வேண்டும்போது தேடி எடுப்பதே அரிது. அந்த அருமை நீங்கியபோதுதான் கண்காணிப்புக்குக் கால் முளைத்தது. 1901 ஆம் ஆண்டில் இம்முறை இலண்டன் மாநகரக் காவல்துறைக்குச் சென்றது. கடல் கடந்து தென்னாப்பிரிக்காவையும் அடைந்தது.

அங்கேதான் இதற்கு முதல் பேரெதிர்ப்பு எழுந்தது. டிரான்ஸ்வால் அரசு 1906 ஆம் ஆண்டில் கொண்டுவந்த சட்ட முன்வரைவின்படி, எட்டு வயதுக்கு மேற்பட்ட ஆசியர் ஒவ்வொருவரும் தம் பெயரைப் பதிந்து, பத்து விரல் ரேகையும் கொடுத்துச் சான்றிதழ் பெறவேண்டும். தெருவில் காவலர் கேட்டவுடன் அதைக் காட்டவேண்டும். அதைச் சோதிக்கக் காவலர் வீட்டிற்குள்ளும் நுழையலாம். விரல் ரேகையைக் குற்றவாளிகளிடமிருந்து மட்டுமே சட்டப்படி பெறுவது வழக்கம் என்பதைக் காந்தியடிகள் ஹென்றியின் நூலிலிருந்தே படித்தறிந்தார். அவ்வாறாயின், குற்றம் செய்யாத ஓர் இனம் முழுவதற்கும் இச்சட்டம் சூட்டும் பெயர் என்ன? 1906 செப்டம்பர் 11 அன்று ஜோகன்னஸ்பர்க் நகரின் எம்பயர் அரங்கில் கூடிய இந்தியர்கள், இதற்குப் பணிவதில்லை என உறுதி பூண்டனர். சட்டம் நிறைவேறிய பின்னும், 1907 ஆம் ஆண்டின் இறுதியில், ஏறத்தாழ 13,000 பேரில் சுமார் 500 பேரே பதிந்திருந்தனர். அப்போராட்டத்தில் தம்பி நாயுடு உள்ளிட்ட தமிழ் மக்கள் மீண்டும் மீண்டும் சிறை புகுந்த செய்தி நாம் பெருமையோடு நினைக்கத்தக்கது.

இதில் நாம் பெரும்பாலும் மறந்துவிடும் நிகழ்ச்சி ஒன்றுண்டு. 1908 சனவரியில் ஆட்சியாளர் ஸ்மட்ஸுடன் உடன்பாடு ஏற்பட்டது. இந்தியர் தாமாக முன்வந்து பதிந்துகொண்டால் கட்டாயச் சட்டம் நீக்கப்படும் என்று நம்பிய காந்தியடிகள், பதிவலுவலகத்திற்குப் புறப்பட்டார். அவர் துரோகம் செய்துவிட்டதாகக் கருதிய மீர் ஆலம் முதலியோர் பிப்ரவரி 10 அன்று வழியிலேயே அவரைத் தாக்கினர். குருதி வழியத் தூக்கிச் செல்லப்பட்ட காந்தியடிகள், டோக் என்ற குருவானவர் பராமரிப்பில் படுத்தபடியே அதிகாரியை வரவழைத்துத் தம் பத்து விரல் ரேகையையும் கொடுத்தார். எந்த ரேகையைத் தரமாட்டோம் எனச் சிறை சென்றாரோ, அதே ரேகை! மை மாறவில்லை, விரல் மாறவில்லை. கட்டாயம் நீங்கி விருப்பம் வந்தது, அதுவே வேறுபாடு. கொடுத்த வாக்கை ஸ்மட்ஸ் காப்பாற்றவில்லை என்று கண்டபோது, அவ்வாண்டு ஆகஸ்டு 16 அன்று ஹமீதியா மசூதி வளாகத்தில், ஆயிரத்துக்கும் மேற்பட்ட சான்றிதழ்கள் இரும்புக் கொப்பரையில் இட்டு எரிக்கப்பட்டன. இசைந்து கொடுத்தவருக்கு, இசைவைத் திரும்பப் பெறவும் உரிமை உண்டு என்பதை அத்தீ அறிவித்தது.

அதே மை நம் மதுரைச் சீமைக்கும் வந்தது. 1871 ஆம் ஆண்டில் வட இந்தியாவில் தொடங்கிய குற்றப் பரம்பரைச் சட்டம், 1911 ஆம் ஆண்டில் திருத்தப்பட்டுச் சென்னை மாகாணத்தையும் எட்டியது. குறிப்பிட்ட சாதியில் பிறந்தவர் என்ற ஒரே காரணத்திற்காக ஒருவரின் பெயரைப் பதிவேட்டில் ஏற்றலாம். விரல் ரேகை எடுக்கலாம். குறித்த வேளைகளில் வந்து தம்மைக் காட்டிக்கொள்ளுமாறு கட்டளையிடலாம். ஊரைவிட்டுச் செல்லுமுன் தெரிவிக்கச் சொல்லலாம். பிறமலைக் கள்ளர் சமூகத்தின்மீது இச்சட்டம் ஏவப்பட்டபோது, மக்கள் அதற்குச் சூட்டிய பெயர் ‘ரேகைச் சட்டம்’ என்பது. உழைத்துக் களைத்தவன் தன் வீட்டுத் திண்ணையில் படுத்துறங்க இயலாமல் காவல் நிலையத்திலோ சாவடியிலோ இரவைக் கழிக்க வேண்டிய நிலை ஏற்பட்டது. உசிலம்பட்டிக்கு அருகிலுள்ள பெருங்காமநல்லூர் மக்கள் ரேகை வைக்க மறுத்தனர். 1920 ஏப்ரல் 3 அன்று காவல்துறை துப்பாக்கியால் சுட்டது. மாயக்காள் என்னும் பெண் உள்ளிட்டுப் பதினைந்துக்கும் மேற்பட்டோர் மடிந்தனர்.

அவர்கள் மடியில் என்ன கனம் இருந்தது? எதை மறைக்க அவர்கள் உயிரைக் கொடுத்தார்கள்? மறைக்க வேண்டியது எதுவும் இருந்ததாக நாம் கருதவில்லை. தாம் செய்யாத குற்றத்துக்குத் தம் விரலே சாட்சியாவதை அவர்கள் மறுத்தனர், அவ்வளவே. சென்னை மாகாணத்தில் 1947 ஆம் ஆண்டிலும், நாடு முழுவதிலும் 1952 ஆம் ஆண்டிலும் அச்சட்டம் ஒழிந்தது. ஆயினும் ஒருவரைச் சந்தேகத்தின் பேரில் தொடர்ந்து கண்காணிக்கும் வழக்கம் வேறு சட்டங்களிலும் காவல்துறை விதிகளிலும் ஒளிந்து வாழ்ந்தது.

கரக் சிங் என்பவரின் வழக்கு இதற்குச் சான்று. உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த இவர் 1941 ஆம் ஆண்டில் கொள்ளை வழக்கொன்றில் கைதாகி, சான்று இல்லாமையால் விடுவிக்கப்பட்டவர். எனினும் காவல்துறை அவர் பெயரில் சரித்திரப் பதிவேடு தொடங்கியது. நள்ளிரவில் காவலர் கதவைத் தட்டுவர்; உறங்குபவரை எழுப்புவர்; ஊருக்குப் போனால் பின்தொடர்வர். வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றது. நள்ளிரவில் கதவைத் தட்டுவது செல்லாது என்று 1962 டிசம்பரில் தீர்ப்பாயிற்று. ஆனால் பின்தொடர்வதில் தவறில்லை, அந்தரங்க உரிமை என்றொன்று அரசியல் சட்டத்தில் உறுதியளிக்கப்படவில்லை என்று பெரும்பான்மை நீதிபதிகள் கூறிவிட்டனர். நீதிபதி சுப்பா ராவ் இதற்கு உடன்படவில்லை. நீதிபதி ஷா அவருடன் இணைந்தார். எவரும் கையைப் பிடித்துத் தடுக்காவிடினும், ஒவ்வோர் அடியும் கவனிக்கப்படும் என்றறிந்து நடப்பவன் உரிமையோடு நடப்பவனல்லன் என்பது அவர்கள் கருத்தின் சாரம்.

சிறுபான்மையின் அக்குரல் பெரும்பான்மையாக 55 ஆண்டுகள் பிடித்தன. 2010 ஆம் ஆண்டில் மராட்டியத்தின் தெம்பிலி என்ற சிற்றூரில் முதல் ஆதார் எண் வழங்கப்பட்டது. பத்து விரல் ரேகையும் இரு கண்களின் கருவிழிப் பதிவும் அதற்கு அடிப்படை. ஏழைக்குச் சேரவேண்டிய உதவி இடையில் களவு போகாமல் அவர் கையை அடையவேண்டும் என்பதே சொல்லப்பட்ட நோக்கம். 1877 இல் ஹெர்ஷல் சொன்னதும் அதுவே. முதிய ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி 2012 ஆம் ஆண்டில் தொடுத்த வழக்கில், அந்தரங்க உரிமை உண்டா இல்லையா என்ற பழைய கேள்வி மீண்டும் எழுந்தது. 2017 ஆகஸ்டு 24 அன்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக அது அடிப்படை உரிமையே எனத் தீர்ப்பளித்தனர். கரக் சிங் வழக்கின் பழைய கருத்து அன்று கைவிடப்பட்டது. மறு ஆண்டு வந்த தீர்ப்பு ஆதாரை ஏற்றுக்கொண்டது. ஆனால் வங்கிக் கணக்குக்கும் கைபேசி இணைப்புக்கும் அதனைக் கட்டாயமாக்கியதை நீக்கியது.

இவ்வளவும் அரசின் கண்காணிப்பு. இன்று நம்மைச் சூழ்ந்திருக்கும் கண்கள் அரசினுடையவை மட்டுமல்ல. பையிலிருக்கும் கைபேசி, பேசாதிருக்கும்போதும் அருகிலுள்ள கோபுரத்தோடு தொடர்பு கொள்கிறது. நாம் எந்தப் பகுதியில் இருந்தோம் என்பது நிறுவனத்தின் ஏட்டில் ஏறுகிறது. செயலிகள் நாம் தேடியதையும் வாங்கியதையும் கண்டு கணக்கிடுகின்றன. 2018 ஆம் ஆண்டில் வெளிவந்த கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா விவகாரத்தை எடுத்துக்கொள்வோம். முகநூல் வழியே ஓர் ஆளுமைத் தேர்வுச் செயலியைப் பயன்படுத்தியவர் சுமார் 2,70,000 பேர். அவர்களுடைய நட்பு வட்டத்தின் வழியாக, 8 கோடியே 70 இலட்சம் பேர் வரை விவரங்கள் பறிபோயின. ஒருவர் இசைந்தார், அவரை அறிந்த பாவத்திற்காகப் பலர் அகப்பட்டனர். அன்று ரேகை எடுக்க ஆயுதம் தாங்கிய காவலர் வரவேண்டியிருந்தது. இன்று ‘சம்மதம்’ என்ற சொல்லின்மீது விரலை வைத்து, நாமே கொடுத்துவிடுகிறோம், வாசித்துப் பார்ப்பதுமில்லை.

அப்படியாயின் கருவிகளையெல்லாம் வெறுத்தொதுக்க வேண்டுமா? வேண்டியதில்லை. காணாமற்போன குழந்தையைக் கண்டுபிடிக்கத் தெருமுனைக் காமிரா உதவுவதை நாம் மறுக்கவில்லை. வரலாறு நமக்குக் கற்பிப்பது வேறு. எவர் எதற்காகக் கேட்கிறார்? கேட்ட காரியத்துக்கு இவ்வளவும் தேவையா? இல்லை என்று மறுத்தால் நமக்குத் தீங்கு நேருமா? ஒரு காரியத்திற்காகப் பெற்றது மறு காரியத்திற்குப் போகாது என்பதற்கு உறுதி என்ன? இக்கேள்விகளை எழுப்பும் துணிவே நமக்கு வேண்டும். 2017 ஆம் ஆண்டுத் தீர்ப்பும், சட்டம், நியாயமான தேவை, அளவு மீறாமை ஆகிய மூன்றையுமே உரைகல்லாகக் காட்டுகிறது. 2023 ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. நிறுவனங்கள் நம் இசைவைக் கேட்கவேண்டும் என்று சொல்லும் அதே சட்டம், அரசு தன் அமைப்புகளுக்கு விலக்களிக்கவும் இடந்தருகிறது. ஆகவே விழித்திருக்கும் கடமை நம்மைவிட்டு நீங்கவில்லை.

அக்கடமை வீட்டிலேயே தொடங்குகிறது. பிள்ளையின் கைபேசியை அவன் அறியாமல் திறந்து பார்ப்பதும், மனைவி எங்கிருக்கிறாள் என்று செயலியில் பின்தொடர்வதும் அன்பின் பெயரால் நடைபெறுகின்றன. நியாயவிலைக் கடையில் ‘ரேகை விழவில்லை’ என்று திருப்பியனுப்பப்படும் மூதாட்டியின் விரல், நாற்று நட்டும் பாத்திரம் துலக்கியும் தேய்ந்த விரல். அவர் வெட்கித் தலைகுனிந்து நிற்கும்போது, தேய்ந்தது ரேகைதான், அவர் மாண்பு அன்று என்று எடுத்துச் சொல்ல வரிசையில் நிற்கும் நாம் வாய் திறக்கிறோமா?

இனி, தொடக்கத்தில் சொன்ன பழமொழிக்கு வருவோம். மடியில் கனம் என்று முன்னோர் எதைச் சொன்னார்கள்? திருடிய பொருளையா? இல்லை. சந்தைக்குப் போய்த் திரும்பும் உழவன், விளைச்சலை விற்ற காசை மடியில் முடிந்துகொண்டு வருகிறான். கள்வர் நடமாடும் வழியில் அவனுக்கு அச்சம் எழுகிறது. அந்தக் கனம் அவனுடைய உழைப்பு, அவனுக்கே உரியது. அதைக் காக்க அஞ்சுவது குற்றத்தின் அடையாளமன்று. நம் நினைவுகளும் நட்பும் நோயும் துயரமும் நாம் சென்றுவந்த இடங்களும் அத்தகைய கனமே. மடியில் கனம் இல்லாத மனிதர் எவருமில்லை. அடுத்த முறை யாரேனும் இப்பழமொழியைச் சொன்னால், ‘ஆம், கனம் இருக்கிறது, அது என்னுடையது’ என்று சொல்லத் தயங்காதிருப்போம்.