வானை அளக்கும் கோல்

இலங்கையின் சிலாவத்துறைக் கடலில் முத்துக்குளிப்பு எல்லா ஆண்டும் நடந்ததில்லை. அரசாங்கப் பரிசோதகர் முதலில் சிப்பிகள் வளரும் பார்களுக்குப் போவார். இடத்துக்கு இடம் சுழியோடிகளை இறக்கி, ஒவ்வொருவரும் அள்ளிவந்த சிப்பிகளை எண்ணிப் படத்தில் குறிப்பார். மாதிரிச் சிப்பிகளை அழுகவைத்து முத்தை மதிப்பிட்ட பிறகுதான் குளிப்பு அறிவிக்கப்படும். 1902இல் உயிரியலாளர்களான ஹேர்ட்மனும் ஹோர்னலும் இதே பார்களை விஞ்ஞான முறையில் ஆராய்ந்தார்கள். கண்ணுக்கு எட்டாத பரப்பை எண்ணிக்கையால் படமாக்கும் அந்த வேலையைத்தான் வானியலாளர் இன்று பிரபஞ்சத்துக்குச் செய்கிறார்கள்.

பிரபஞ்சம் விரிகிறது என்பதை 1929இல் ஹபிள் காட்டினார். ஈர்ப்பினால் அந்த விரிவு மெல்ல மெல்லத் தளரும் என்றே பலரும் நம்பியிருந்தார்கள். 1998இல் இரண்டு குழுக்கள், வெடிக்கும் விண்மீன்களின் ஒளியை அளந்து, விரிவு வேகமெடுப்பதைக் கண்டன. அதற்கு 2011இல் நோபல் பரிசு கிடைத்தது. வேகமெடுக்கச் செய்வது எதுவோ அதற்கு இருள் சக்தி என்று பெயர். பிரபஞ்சத்தின் மொத்தச் சக்தியில் ஏறத்தாழ 70 சதவீதம் அது. ஆனால் அதன் இயல்பு இன்றும் விளங்கவில்லை.

விரிவின் வரலாற்றை அறிய நீளம் தெரிந்த ஒரு கோல் வேண்டும். தூரத்தில் வைத்தால் அது எவ்வளவு சிறிதாகத் தெரிகிறது என்பதிலிருந்து, ஒளி புறப்பட்ட காலத்துக்கும் இன்றைக்கும் இடையே வெளி எவ்வளவு விரிந்தது என்று கணக்கிடலாம். இந்த முயற்சியில் தமிழ்நாட்டு மலையொன்றுக்குப் பெரும் பங்குண்டு. ஊட்டிக்கு அருகே முத்தோரையில் கோவிந்த் ஸ்வரூப் அமைத்த வானொலித் தொலைகாட்டி 1970இல் இயங்கத் தொடங்கியது. 530 மீற்றர் நீளம், 30 மீற்றர் அகலம். அந்த இடம் அகலாங்கு 11 பாகையில் இருப்பதால், அதே அளவு சாய்ந்த சரிவொன்றைத் தேடிப்பிடித்துக் கட்டினார்கள். தொலைகாட்டியின் அச்சு பூமியின் அச்சுக்குச் சமாந்தரமாகிவிட, ஒரே அச்சில் சுழற்றி மணிக்கணக்காக ஒரு வான்பொருளைத் தொடர முடிந்தது. உருக்குக் கம்பிகளை நெருக்கமாக இழுத்துக் கட்டியதே அதன் ஆடி. தூரத்து வானொலி மூலத்தைச் சந்திரன் மறைக்கும் கணத்தில் சமிக்ஞை எப்படி மங்குகிறது என்று பதிந்து அதன் கோண அளவை அறிந்தார்கள். இப்படி நூற்றுக்கணக்கான மூலங்களை அளந்தபின், 1975இல் ஸ்வரூப்பும் விஜய் கபாஹியும், மங்கலான மூலங்கள் சராசரியில் சிறிய கோணத்தில் தெரிவதைக் காட்டினார்கள். பிரபஞ்சம் என்றும் மாறாதிருக்கிறது என்ற கொள்கைக்கு அது பாதகமானது.

வானொலி மூலங்களையே கோலாகக் கொண்ட அந்த ஆய்வு, அக்கோலின் குறையையும் வெளிப்படுத்தியது. பழைய காலத்து வானொலி மூலங்கள் உண்மையிலேயே சிறியவையாக இருந்தன. கோலே காலத்தோடு வளர்ந்திருக்கிறது. ஊட்டி ஆய்வின் மிகப் பெறுமதியான பாடம் இதுவென்று நான் கருதுகிறேன்: நீளம் மாறாத கோலைத் தேடியாக வேண்டும்.

அந்தக் கோல் ஒரு பழைய ஒலியிலிருந்து கிடைத்தது. தொடக்கத்தில், ஏறத்தாழ 380,000 ஆண்டுகள், பிரபஞ்சம் கொதிக்கும் மின்மமாக (பிளாஸ்மாவாக) இருந்தபோது அதில் ஒலியலைகள் ஓடின. அது ஆறி அணுக்கள் உருவானதும் அலைகள் நின்றுபோயின. அவை எட்டிய தூரம் மாத்திரம் வெளியோடு சேர்ந்து விரிந்தது. இன்றைய கணக்கில் அது சுமார் 490 மில்லியன் ஒளியாண்டு. அவ்வளவு இடைவெளியில் இருக்கும் விண்மீன் மண்டலச் சோடிகள் மற்ற இடைவெளிகளில் இருப்பவற்றைவிடச் சற்றே அதிகம். அந்தச் சிறு மிகுதி எத்தனையோ ஆயிரம் மண்டலங்களை எண்ணினால்தான் தெரியும். 2005இல் முதன்முதலாகத் தெரிந்தது.

அரிசோனாவின் கிட் பீக் மலையில், 4 மீற்றர் மேயால் தொலைகாட்டியில் பொருத்திய டெசி கருவி 2021 முதல் இதையே செய்கிறது. அதன் குவியத்தில் 5,000 ஒளியிழைகள். ஒவ்வொன்றையும் தனித்தனிக் குட்டி ரோபோ ஒரு மண்டலத்தின் ஒளி விழும் புள்ளிக்கு நகர்த்தி நிறுத்துகிறது. நிறமாலை பதிந்ததும் அடுத்த 5,000. வெளி விரிவதால் ஒளி சிவப்புப் பக்கம் நகரும் அளவான செம்பெயர்ச்சியிலிருந்து தூரம் கிடைக்க, தட்டையான வானம் முப்பரிமாணப் படமாகிறது.

2025 மார்ச்சில் வெளியான முடிவுகள் ஏறத்தாழ 15 மில்லியன் மண்டலங்களையும் குவாசர்களையும் கொண்டவை. மற்றைய அளவீடுகளோடு இணைத்துப் பார்த்தால், இருள் சக்தி மாறிலி அல்ல, காலப்போக்கில் தளர்கிறது என்ற குறிப்புத் தெரிகிறது. எந்த வெடிப்பு விண்மீன் தொகுப்போடு இணைக்கிறோம் என்பதைப் பொறுத்து அதன் வலு, புள்ளிவிவர உறுதியை அளக்கும் சிக்மா என்ற அலகில், 2.8 முதல் 4.2 வரை. கண்டுபிடிப்பென்று ஏற்க 5 வேண்டும். இருள் சக்தியை மாறாததாகக் கொள்ளும் ஐன்ஸ்டைனின் மாறிலியைக் கைவிட இப்போது அவசரப்படலாகாது என்பதே என் நிலைப்பாடு. அதே மாதத்தில் 18.7 மில்லியன் பொருட்களின் தரவு எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிடப்பட்டது. சிலாவத்துறை இருக்கும் முசலிப் பிரதேசத்தின் உயர்தர மாணவி ஒருத்தியும் அதன் ஒரு சிறு பகுதியை இறக்கி, சோடிகளை எண்ணிப் பார்க்கலாம். அதற்கு வழிகாட்ட நம் பாடசாலைகளில் ஆசிரியர்கள் முன்வர வேண்டும் என்று மனமாரக் கேட்கிறேன்.