தொடுகையும் சொல்லும்

அருங்காட்சியகம் என்றதும் கண்ணாடிப் பேழைகளும் ‘தொடாதீர்’ என்னும் பலகையும் நம் நினைவுக்கு வருகின்றன. கண்ணொளி இல்லாதவருக்கு இவை இரண்டும் சேர்ந்து நெடுங்காலம் ஒரு மதிலாகவே நின்றன. அம்மதிலில் வாயில் திறந்த முன்னோடிகளுள் ஒருவர் இங்கிலாந்திலுள்ள சண்டர்லாந்து நகரத்து சார்ல்டன் டீஸ். 1913ஆம் ஆண்டில் அந்நகரத்துப் பார்வையற்றோர் பள்ளிச் சிறுவர்களை அருங்காட்சியகத்திற்கு அழைத்துப் பொருள்களைக் கையால் தொட்டறியச் செய்தார் அவர். நம் தலைநகரின் தேசிய அருங்காட்சியகத்திலும் 2015இல் ‘அனுபவ்’ என்னும் தொட்டுணர் கூடம் திறக்கப்பட்டது.

இதற்கிடையில் இணையம் தோன்றிற்று. அருங்காட்சியகங்கள் தத்தம் செல்வங்களை இணையதளங்களில் வைத்தன. தொலைவு என்னும் தடை நீங்கிற்று. ஆனால், தொட்டறியும் வழி அடைபட்டது. படத்தைத் தடவினால் திரைதானே கையில் படும்? ஆகவே, கையின் பணியைச் சொல் ஏற்க வேண்டியதாயிற்று.

திரையிலுள்ள எழுத்தைக் குரலாக மாற்றித் தருவது திரைவாசிப்பான் என்னும் மென்பொருள். படத்தோடு இணைத்து எழுதப்பட்ட மாற்றுரை இருந்தால் அதையும் அது படித்துக் காட்டும். இல்லையேல், பொருளற்ற கோப்பின் பெயரையே ஒலிக்கக்கூடும். 1999இல் உலகளாவிய வலைச் சங்கம் வெளியிட்ட அணுகுதன்மை நெறிகளில், படத்திற்கும் ஒலிக்கும் ஈடான மாற்று வேண்டும் என்பதே முதல் நெறி. செவிப்புலன் குன்றியோர்க்கு ஒலியை எழுத்தாக்கித் தருவதும் இதனுள் அடங்கும். சுட்டியைப் பிடிக்க இயலாதவர் விசைப்பலகை கொண்டே தளத்தில் உலவ வேண்டும் என்பது மற்றொரு நெறி.

இந்தியாவில் அரசு இணையதளங்களுக்கான வழிகாட்டு நெறிகள் 2009இல் வந்தன. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் பிறந்தது. அணுகுதன்மை விதிகள் வெறும் பரிந்துரையாக நில்லாமல் கட்டாயமாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் தீர்ப்பளித்தது.

எனினும், சட்டம் மாற்றுரை எழுதச் சொல்லலாம். எழுதித் தர அதனால் ஆகாது. மொகஞ்சதாரோ நடனமங்கையின் படத்திற்கு ‘வெண்கலச் சிலை’ என்று எழுதினால் விதி நிறைவேறியதாகத் தோன்றும், உருவம் விளங்காது. ‘உயரம் 10.5 செ.மீ.; வலக்கை இடுப்பில்; இடக்கை முழுதும் வளையல்கள்; தலை சற்றே நிமிர்ந்திருக்கிறது’ என்றால், கேட்பவர் மனத்தில் அம்மங்கை எழுந்து நிற்கிறாள். இன்று இயந்திரமும் படத்தை விவரிக்கிறது. ஆயினும், ஒரு பொருளில் எது சொல்லத் தக்கது, எது விடத் தக்கது என்பதைத் தேர்வதற்கு அப்பொருளை அறிந்தவரின் பார்வை வேண்டும். காட்சியைச் சொல்லாக்குவதும் ஒருவகை மொழிபெயர்ப்பே அன்றோ!

பிற மாநிலங்களில் வாழும் நமக்கு, அறியாத எழுத்தில் அமைந்த பலகையின் முன் நிற்பது என்னவென்று தெரியும். தில்லி தேசிய அருங்காட்சியகத்தில் சோழர் காலத்து நடராசர் இருக்கிறார். திரைவாசிப்பான்கள் இன்று தமிழும் பேசுகின்றன. கண்ணொளி இல்லாத தமிழ்ச் சிறுமி ஒருத்தி அத்திருமேனியின் தூக்கிய திருவடியைத் தன் தாய்மொழியிலேயே கேட்டறிய வேண்டுமாயின், யாரேனும் ஒருவர் அதைத் தமிழில் எழுதி வைத்தாக வேண்டும்.