நடுவில் வந்த பெட்டி

2024 தீபாவளி கழிந்த அடுத்த வாரம். ப்ளஸ் ஒன் படிக்கும் பேரன், "தாத்தா, ப்ளேஸ்டேஷன் 5 ப்ரோ அமெரிக்காவுல வந்துடுச்சு" என்றான். பத்தாம் வகுப்பில் நல்ல மார்க் எடுத்தால் ஒரு பெட்டி வாங்கித் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தேன். எஃப்.டி. வட்டியில் பணமும் ஒதுக்கியாயிற்று. கோவிலம்பாக்கத்திலிருந்து வேளச்சேரி போய்க் கேட்டால், "அது இந்தியாவுக்கு வரல சார்" என்றார் கடைக்காரர். ஏன் என்று தேடப் போனதில் பெரிய கதையே கிடைத்தது.

நான் கிண்டி தொழிற்பேட்டையில் காஸ்டிங் பிரிவில் 30 வருஷம் குப்பை கொட்டியவன். ஒரு ஸ்க்ரூவைக் குறைத்தால் என்ன மிச்சம் என்று கணக்குப் போட்டே தலை நரைத்தது. அதனால் விளையாட்டைவிட பெட்டியின் கணக்குதான் எனக்குப் பிடித்தது.

ஒரு பெட்டி வந்தால் ஆறேழு வருஷம் ஓடும். நடுவில் அதையே மாற்றிச் செய்வார்கள். முன்பெல்லாம் அப்படிச் செய்வது பெரும்பாலும் செலவைக் குறைக்கத்தான். 2006-ல் வந்த ப்ளேஸ்டேஷன் 3-ஐப் பிரித்துப் பார்த்த ஐசப்ளை நிறுவனம், 499 டாலருக்கு விற்ற பெட்டியின் அடக்கவிலை 800 டாலருக்கு மேல் என்று மதிப்பிட்டது! பழைய விளையாட்டுகளும் ஓட வேண்டுமென்று முந்தைய பெட்டியின் முக்கிய சிப்களையே உள்ளே வைத்திருந்ததும் அதற்கு ஒரு காரணம். 2007 கடைசியில் வந்த 399 டாலர் மாடலில் அந்த சிப்கள் இல்லை. யூஎஸ்பி துளைகள் நான்கு இரண்டாயின. விலை குறைந்தது, பழைய டிஸ்க்குகள் அலமாரிக்குப் போயின.

2016-ல் காற்று திரும்பியது. வீடுகளுக்கு 4கே டிவி வரத் தொடங்கியிருந்தது. நவம்பர் 10 அன்று வந்த ப்ளேஸ்டேஷன் 4 ப்ரோவின் விலை 399 டாலர். 2013-ல் மூலப் பெட்டி வந்த அதே விலை. அதற்குள் எதைச் சேர்ப்பது, எதை விடுவது? வடிவமைப்பாளர் மார்க் செர்னி, படம் வரையும் பகுதியை 18 அலகிலிருந்து 36 ஆக்கினார். புதிய பாதி பழைய பாதிக்குக் கண்ணாடிப் பிம்பம் மாதிரி பக்கத்தில் இருக்கும். பழைய விளையாட்டு என்றால் புதிய பாதியை அணைத்துவிடலாம். கணக்குப் போடும் பகுதி பழைய வகைதான், வேகம் மட்டும் 1.6-லிருந்து 2.1 கிகாஹெர்ட்ஸ்.

எனக்கு மிகவும் பிடித்தது மெமரி விஷயம். மலிவான, வேகம் குறைந்த 1 ஜிபியைச் சேர்த்து, நெட்ஃப்ளிக்ஸ் மாதிரி சாமான்களை அங்கே தள்ளிவிட்டார்கள். விலை உயர்ந்த வேகமான மெமரியில் விளையாட்டுக்கு 512 எம்பி கூடுதலாகக் கிடைத்தது. கூடத்தில் இடம் வேண்டுமென்று டிரங்குப் பெட்டியைப் பரணில் ஏற்றுகிற நம் வீட்டு வேலைதான்! ஆனால் 4கே டிஸ்க் ஓட்டும் கருவியை வைக்கவில்லை. அடுத்த வருஷம் மைக்ரோசாஃப்ட் தன் எக்ஸ்பாக்ஸ் ஒன் எக்ஸில் அதையும், 12 ஜிபி வேக மெமரியையும் வைத்து 499 டாலர் கேட்டது.

இப்போது 5 ப்ரோ. 36 அலகு 60 ஆயிற்று. டிஸ்க் கருவியையே எடுத்துவிட்டு, வேண்டுமானால் தனியாக வாங்கிக்கொள் என்றார்கள். 2024-ல் வந்தபோது விலை 699.99 டாலர். கூடவே வைஃபை 7 சிப். அது பயன்படுத்தும் 6 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை வைஃபைக்கு அப்போது இந்தியாவில் திறந்துவிடவில்லை. செல்போன் கம்பெனிகளும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தன. பெட்டி இங்கே வராததற்கு இதுதான் காரணம் என்று சோனியே சொன்னது.

"நமக்கு மட்டும் வேற சிப் போட்டா என்ன தாத்தா?" என்றான் பேரன். போடலாம்தான். தனி போர்டு, தனி சோதனை, தனிச் சான்றிதழ், தனி இருப்பு. எவ்வளவு விற்கும்? வேலையில் இருந்தபோது கோயம்புத்தூர்காரர் ஒருவர் 200 பீஸுக்கு மட்டும் வேறு மின் இணைப்பு கேட்டார். கட்டுபடியாகாது என்று ஃபைலில் எழுதிக் கையெழுத்துப் போட்டவன் நான். அவர் முகம் அன்றைக்கு எப்படி இருந்திருக்கும் என்று நான் யோசித்ததே இல்லை. பேரனிடம் இதைச் சொல்லவில்லை.

டிஸ்க் கருவியோடு இருக்கும் சாதாரண 5-ஐயே வாங்கினோம். 2021 பிப்ரவரியில் 49,990 ரூபாய்க்கு இங்கே அறிமுகமான மாடல். மேடவாக்கத்தில் இருக்கும் நண்பனோடு டிஸ்க் மாற்றிக்கொள்கிறான். ஞாயிற்றுக்கிழமை காலை சைக்கிளில் போய்விட்டு பத்து மணிக்குள் டிபனுக்கு வந்துவிடுவான்.