யாழ்ப்பாணத்துப் பள்ளிகளில் வாசிப்பும் எழுத்தும் பேச்சும்

யாழ்ப்பாணத்துக் கல்வி வரலாற்றினை எழுதுவோர் பள்ளிக்கூடங்களின் தோற்றத்தையும் அவற்றிற் பயின்ற அறிஞர்தம் பெருமையினையுமே பெரிதும் எடுத்துரைப்பர். அங்கே மாணவர் எவ்வாறு வாசிக்கவும் எழுதவும் பேசவும் பயிற்றப்பட்டனர் என்னும் வினா அத்துணைக் கவனம் பெற்றதில்லை. ஆயினும் ஒரு சமூகத்தின் கல்விநோக்கு வகுப்பறைப் பயிற்சியிலேயே தெளிவாகப் புலப்படுகின்றது.

பழைய திண்ணைப் பள்ளியிலே மாணவன் சட்டம்பியாரின் முன்னிலையில் மணலில் விரலால் எழுத்தெழுதிப் பழகினான். பின்னர் எழுத்தாணி கொண்டு ஓலையில் எழுதினான். ஆத்திசூடி, கொன்றைவேந்தன் முதலிய நீதிநூல்களும் நிகண்டும் மனனஞ் செய்விக்கப்பட்டன. ஏட்டுச்சுவடிகளில் சொற்பிரிப்போ நிறுத்தக்குறியோ இல்லை. மெய்யெழுத்துக்குப் புள்ளியிடும் வழக்கமும் அருகியே காணப்பட்டது. எனவே, தொடக்க நிலையில் வாசித்தல் என்பது நெஞ்சிற் பதிந்ததை மீட்டுரைத்தலாகவே பெரிதும் அமைந்தது. நினைவாற்றலையும் திருத்தமான உச்சரிப்பையும் இம்முறை வளர்த்தது என்பதில் ஐயமில்லை. முன்பின் அறியாத ஒரு பகுதியைத் தானே படித்துப் பொருளுணர்தலும், தன் கருத்தைத் தன் சொல்லால் எழுதுதலும் அதன் நோக்கங்களாக இருக்கவில்லை.

1816ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷனரிமாரின் பணியால் இந்நிலை மாறத் தொடங்கியது. 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரியும், 1824இல் உடுவிற் பெண்கள் பாடசாலையும் தோன்றின. அச்சுநூல் மாணவர் கைக்கு வந்தது. 1841இல் 'உதயதாரகை' வெளிவந்தபோது, பாடநூலுக்கு அப்பாலும் வாசிப்புக்கு இடமுண்டாயிற்று.

இம்மாற்றத்தைச் சைவத் தமிழ்க் கல்விக்கு உரியதாக்கியவர் ஆறுமுகநாவலர் (1822–1879). யாழ்ப்பாணத்து வெஸ்லியன் மிஷன் பாடசாலையிற் பயின்று, பேர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்புப் பணிக்குத் துணைநின்ற அவர், புதிய கற்பித்தல் முறைகளை அருகிருந்து கண்டவர். 1847 திசெம்பர் 31ஆம் நாள் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிலே தம் முதற் பிரசங்கத்தை நிகழ்த்தினார். 1848இல் அவ்வூரிலேயே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். பின்னர் அச்சியந்திரமும் நிறுவி, பாலபாடங்களை வெளியிட்டார்.

பாலபாடங்களின் அமைப்பு நோக்கற்பாலது. எழுத்திலிருந்து சொல்லுக்கும், சொல்லிலிருந்து சிறு வாக்கியத்துக்கும், அதிலிருந்து நீண்ட வசனப் பகுதிக்கும் மாணவன் படிப்படியாக இட்டுச் செல்லப்படுகின்றான். கடுஞ்சந்திகள் நெகிழ்த்தப்பட்டன, நிறுத்தக்குறிகள் இடப்பட்டன. கண் எங்கே நிற்க வேண்டும், குரல் எங்கே தாழ வேண்டும் என்பதை அச்சுப் பக்கமே உணர்த்தியது. நாவலரின் வசனம் எழுத்துநடையாக மட்டும் அமையாது, பிரசங்க மேடைக்கும் உரியதாய் அமைந்தமையால், அதனை உரத்து வாசித்த மாணவன் பேச்சின் ஒழுங்கினையும் ஒருங்கே கற்றான். செய்யுளை மனனஞ் செய்த தலைமுறையை அடுத்து, வசனத்தை வாசித்து எழுதும் தலைமுறை உருவாயிற்று. இஃது அவர் செய்த பெரும் பணியாகும்.

எனினும் ஒரு குறையும் சுட்டப்படுதல் வேண்டும். மிஷன் பாடசாலைகளின் ஞானோபதேச வினாவிடைகளைப் போலவே, நாவலரின் சைவ வினாவிடைகளிலும் வினாவும் விடையும் நூலிலேயே வரையறுக்கப்பட்டிருந்தன. மாணவன் பேசினான், ஆனால் பேசியது பிறர் வகுத்த விடை. வினாவெழுப்பும் உரிமை அவனுக்கு உரியதாகவில்லை. சமய அறிவை வழுவின்றி நிலைநாட்டுதற்கு அம்முறை பொருந்தியிருக்கலாம். சிந்தனையை வெளியிடும் பேச்சுத்திறனுக்கு அது போதியதன்று.

இதனினும் பெரிய குறை, இத்திறன்கள் எல்லார்க்கும் கிடைக்காமையாகும். ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்குச் சைவப் பாடசாலைகளின் கதவுகள் நெடுங்காலம் அடைபட்டிருந்தன. அனுமதி பெற்ற இடங்களிலும் அவர்கள் தரையிலே இருத்தப்பட்டனர். 1930ஆம் ஆண்டையொட்டிச் சமஆசன முறை நடைமுறைப்படுத்தப்பட்டபோது கடும் எதிர்ப்பு மூண்டது. பாடசாலைகள் சில தீக்கிரையாயின. வாங்கில் இடம் பெறாத பிள்ளைக்கு, எழுந்து நின்று பேச அவ்வகுப்பறையில் இடம் எவ்வாறு கிடைக்கும்?

நடுநிலை வகுப்புகளிலே மொழி கற்பிப்போர்க்கு இவ்வரலாறு உணர்த்துவது ஒன்றுண்டு. எழுத்தறிந்த பிள்ளை தன் கருத்தை உருவாக்கத் தொடங்கும் பருவம் அஃது. நாவலர் வகுத்த தெளிவான வசனமும் ஒழுங்கான வாசிப்பும் அப்பருவத்துக்கு அடித்தளம். அவ்வடித்தளத்தின்மீது மாணவனின் சொந்த வினாவும், எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒத்த இருக்கையும் அமையும்போதே வாசிப்பும் எழுத்தும் பேச்சும் முழுமையுறும்.