ஆட்சி, ஆவணம், காட்சி: பெரம்பலூர், அரியலூர்ப் பகுதியில் வழக்குரைத் தொழில் கண்ட மாற்றங்கள்

தோற்றுவாய்

உலகியல் மாறுந்தோறும் தொழில்களும் மாறுதல் இயல்பு. வழக்குரைத் தொழிலும் இதற்கு விலக்கன்று. எனினும் அத்தொழில் எதனை விடுத்தல் வேண்டும், எதனைக் காத்தல் வேண்டும் என்னும் வினாவிற்கு விடை காணப் புகுவார், அதன் பழைய வரலாற்றை நோக்காது விடை கூறல் அரிது. முன்னர்த் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் வடகீழ்ப் பகுதியாய் இருந்து, இன்று பெரம்பலூர், அரியலூர் என இரு மாவட்டங்களாய் விளங்கும் நிலப்பகுதியை எடுத்துக்கொண்டு, அவ்வினாவை ஈண்டு ஆராய்வாம்.

வழக்கறிஞர் இல்லா வழக்கு

அரியலூர் மாவட்டத்துக் கங்கைகொண்ட சோழபுரம் முதலாம் இராசேந்திரன் காலந்தொட்டுச் சோழர் தலைநகராய்த் திகழ்ந்தது. அச்சோழர் மரபில் வந்த இரண்டாம் குலோத்துங்கன் காலத்தவர் சேக்கிழார். அவர்தம் பெரியபுராணத்தில் தடுத்தாட்கொண்ட புராணம் ஒரு வழக்கின் வரலாறாகவே அமைந்துள்ளமை நோக்கத்தக்கது. திருவெண்ணெய்நல்லூர் அவையில் முதிய வேதியர் ஒருவர் சுந்தரரைத் தம் அடிமை என்கின்றார். அவையத்தார் அதற்குச் சான்று கேட்கின்றனர். ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி என்னும் மூவகைச் சான்றுகள் அங்குக் கூறப்படுகின்றன. முன்னர்க் கிழிக்கப்பட்டது படி ஓலை எனவும், மூல ஓலை தம்மிடம் உண்டு எனவும் முதியவர் காட்டுகின்றார். சுந்தரரின் பாட்டனார் எழுதிய வேறோர் ஓலையைக் கொணர்ந்து கையெழுத்தை ஒப்புநோக்கிய பின்னரே அவை தீர்ப்புக் கூறுகின்றது.

இஃது அடியார் வரலாறேயன்றி நீதிமன்றப் பதிவன்று. ஆயினும் தம் காலத்து வழக்குமுறையை நன்கறிந்தாலன்றி ஒரு புலவர் இவ்வாறு பாடியிரார். இங்கு இரண்டு உண்மைகள் புலனாகின்றன. ஒன்று, வழக்காடுவோர் இருவரும் தாமே பேசுகின்றனர். அவர்பொருட்டுப் பேசுவார் எவரும் இலர். மற்றொன்று, அவையின் மொழியும் வழக்காடுவோர் மொழியும் ஒன்றே. மேலப்பழுவூர், வாலிகண்டபுரம் முதலிய ஊர்க் கோயிற் கல்வெட்டுகளும் கொடையினையும் உரிமையினையும் மக்கள் மொழியிலேயே பொறித்து வைத்துள்ளன. தன் உரிமையைத் தன் மொழியில் கேட்டறியும் நிலையில் இருந்தவனுக்கு இடையில் நின்று பேசுவோர் தேவைப்பட்டிலர் எனக் கொள்ளலாம்.

தொழில் தோன்றியமை

கும்பினியார் ஆட்சியில் இந்நிலை மாறியது. 1802ஆம் ஆண்டு விதிகள் சென்னை மாகாணத்தில் மாவட்ட நீதிமன்றங்களை நிறுவின. 1816இல் தாமசு மன்றோவின் முயற்சியால் கிராம முன்சீபு, மாவட்ட முன்சீபு என்னும் பதவிகள் ஏற்பட்டன. 1862இல் சென்னை உயர்நீதிமன்றம் தோன்றியது. நீதி எழுதப்பட்ட நடைமுறைக்கு உட்பட்டது. மேல்முறையீடு ஒழுங்கு பெற்றது. இவை நன்மைகளே. ஆனால் மன்றத்தின் மேற்படிகளில் மொழி ஆங்கிலமாயிற்று. உழவன் வாய்ச்சொல்லுக்கும் நீதிபதியின் ஏட்டுக்கும் இடையே ஓர் இடைவெளி பிறந்தது. அவ்விடைவெளியில் நிலைபெற்றதே இக்கால வழக்குரைத் தொழில் என்பது எம் கருத்து.

அவ்விடைவெளியை முதலில் உணர்ந்து செயலாற்றியோருள் ஒருவர் திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரிற் பிறந்த மாயூரம் வேதநாயகம் பிள்ளை (1826–1889). திருச்சி நீதிமன்றத்தில் பணியாற்றிப் பின்னர் முன்சீபாக உயர்ந்த அவர், 1805 முதல் 1861 வரை ஆங்கிலத்தில் இருந்த மேல்மன்றத் தீர்ப்புகளைத் தொகுத்துச் 'சித்தாந்த சங்கிரகம்' என்னும் பெயரால் தமிழில் வெளியிட்டார். 1879இல் வெளிவந்த பிரதாப முதலியார் சரித்திரத்திலும், தமிழர் நிறைந்த மன்றத்தில் தமிழ் வக்கீல்கள் ஆங்கிலத்தில் வாதிடும் விந்தையை எள்ளி நகையாடினார். தம் தொழிலின் மறைபொருளைப் பொதுப்பொருளாக்க முனைந்தவர் அவர்.

ஜமீன் வழக்கும் அதன் மறைவும்

இடைவெளி எத்துணைத் தொலைவு நீண்டது என்பதற்கு உடையார்பாளையம் ஜமீன் வாரிசுரிமை வழக்கு சான்றாகும். பங்கிடப்படாத ஜமீனை அடைதற்குரியார் யார் என்னும் குடும்ப வினா, கடல் கடந்து இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று 1905இல் முடிவு பெற்றது. அம்முடிவு பின்னர் வந்த பல வாரிசுரிமை வழக்குகளில் எடுத்துக்காட்டப்பட்டது.

இத்தகைய வழக்குகளில் தேர்ச்சி பெறுதல் அக்காலத்து வக்கீல்களுக்குப் பெருமையும் பொருளும் தந்தது. 1948ஆம் ஆண்டு எஸ்டேட்டு ஒழிப்புச் சட்டம் ஜமீன் முறையை நீக்கியது; மறு ஆண்டில் பிரிவி கவுன்சில் முறையீடும் நின்றது. ஒரு தலைமுறை முயன்று கற்ற கல்வியின் பெரும்பகுதி ஈராண்டில் பயனற்றதாயிற்று. ஆயினும் தொழில் அழியவில்லை. இரயத்தின் பட்டா, குத்தகை, எல்லை ஆகியவை பற்றிய வழக்குகள் அவ்விடத்தை நிரப்பின. ஒருவகை வழக்கையே தொழிலெனக் கருதினோர் தளர்ந்தனர். சான்றினை ஆராயும் திறனே தொழில் எனக் கொண்டோர் நிலைத்தனர் என்க.

நிலக்கரியும் நிலமும்

அண்மைக் காலத்து எடுத்துக்காட்டு இதனினும் கூரியது. 1990களில் ஜெயங்கொண்டம் பழுப்பு நிலக்கரி மின்திட்டத்திற்கெனப் பல ஊர்களில் உழவர் நிலங்கள் கையகப்படுத்தப்பட்டன. இழப்பீடு போதாதென உழவர் தொடுத்த வழக்குகள் நெடுங்காலம் நடந்தன. முடிவில் திட்டம் கைவிடப்பட்டு, நிலங்களை உரியவர்க்கே திருப்பித் தர அரசு முடிவு செய்தது.

1894ஆம் ஆண்டு நிலக் கையகப்படுத்தல் சட்டப்படி, அலுவலர் வகுத்த தொகையை ஏலாதவன் நீதிமன்றத்தை நாடலாம். ஆங்கு நிலத்தின் விலையை மெய்ப்பிக்க அண்டை நிலங்களின் கிரயப் பத்திரங்களே முதன்மைச் சான்று. பத்திரத்தில் விலையைக் குறைத்து எழுதும் வழக்கம் நாட்டில் உள்ளமையால், அதே பத்திரம் உழவனுக்கு எதிராய்த் திரும்புகின்றது. கிணறு, மரம், முந்திரித் தோப்பு ஆகியவற்றின் மதிப்பைத் தனியே நிறுவுதல் வேண்டும். இவற்றை அறிந்து, உழவனுடன் நிலத்தில் நின்று கேட்டு எழுதும் வழக்கறிஞன் ஒருவகைப் பயனும், சென்ற வழக்கின் மனுவைப் பெயர் மாற்றி எழுதுவோன் வேறுவகைப் பயனும் விளைவித்தல் வெளிப்படை. 2014 சனவரி முதல் நடைமுறைக்கு வந்த புதிய நிலச்சட்டம் சமூகத் தாக்க மதிப்பீட்டையும் மறுவாழ்வையும் சட்டத்தின் பொருளாக்கியது. எனவே நிலத்தை இழப்பவன் வாழ்வு முழுதும் இன்று வழக்கறிஞன் அறிய வேண்டிய பொருளாயிற்று. சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் சிமெண்ட் ஆலைகளும் மிக்க அரியலூர்ப் பகுதிக்கு இவ்வறிவு இன்றியமையாதது.

இடமும் மொழியும்

முன்னர் ஜெயங்கொண்டத்தார் மாவட்ட மன்றம் நாடின் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் கடந்து திருச்சி செல்ல வேண்டியிருந்தது. 1995இல் பெரம்பலூர் தனி மாவட்டமாயிற்று. அரியலூர் 2001இல் பிரிந்து, 2002இல் மீண்டும் இணைக்கப்பெற்று, 2007இல் நிலையாகத் தனித்தது. இன்று இரு நகரங்களிலும் மாவட்ட நீதிமன்றங்கள் உள்ளன. 2004இல் உயர்நீதிமன்றக் கிளை மதுரையில் அமைந்தபோதும், இவ்விரு மாவட்டங்கள் சென்னையையே சார்ந்துள்ளன. மன்றம் அருகில் வந்தது, மொழி வந்ததா?

1956ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டத்தில் 1976இல் செய்யப்பட்ட திருத்தம், கீழமை நீதிமன்றங்களில் சாட்சியம் பதியவும் தீர்ப்பு எழுதவும் தமிழுக்கு இடமளித்தது. உயர்நீதிமன்றத்தில் தமிழ் வேண்டுமென 2006 திசம்பரில் சட்டமன்றம் நிறைவேற்றிய தீர்மானம் 2012இல் உச்சநீதிமன்ற நீதிபதிகள் கூட்டத்தின் ஒப்புதலைப் பெறவில்லை. இராசத்தான், உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், பீகார் ஆகிய நான்கு மாநில உயர்நீதிமன்றங்களில் இந்திக்கு இடம் இருத்தலை ஈண்டு நினைவிற் கொள்ளல் வேண்டும். நாடு முழுவதற்கும் பொதுவான முன்தீர்ப்புகளை அறிய ஆங்கிலம் பயன்படுதல் மறுக்கவொண்ணாதது. ஆனால் வழக்காளி தன் வழக்கின் முடிவைத் தானே படித்தறிதல் வேண்டும் என்பதற்கு அது தடையாகாது. 2019 முதல் உச்சநீதிமன்றத் தீர்ப்புகள் சில தமிழில் மொழிபெயர்க்கப்பட்டு வெளியாகின்றன. வேதநாயகர் தனியொருவராய்த் தொடங்கிய பணி இன்று கணிப்பொறியின் துணையுடன் நடைபெறுகின்றது. எனினும் பொறி தந்த சொல் வழக்கின் பொருளுக்குப் பொருந்துமா என ஆய்ந்து ஏற்றல் மனிதன் கடனேயாம்.

முடிவுரை

2024 சூலை முதல் நாள் பழைய சாட்சியச் சட்டம் நீங்கிப் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தது. மின்னணு ஆவணம் மன்றமேறச் சான்றிதழுடன் வருதல் வேண்டும் என அஃது விரித்துரைக்கின்றது. பட்டாவும் சிட்டாவும் இன்று கணிப்பொறியில் வாழ்கின்றன. படி எது, மூலம் எது என்னும் திருவெண்ணெய்நல்லூர் வினாவே புதிய உருவில் மீண்டு வந்துள்ளது. ஆட்சி, ஆவணம், காட்சி என்னும் மூன்றும் அன்று போல் இன்றும் நிற்கின்றன. அவற்றைத் தாங்கும் பொருளே ஓலையாய், தாளாய், மின்னெழுத்தாய் மாறுகின்றது.

ஆகவே வழக்குரைத் தொழில் மாற வேண்டிய திசை தெளிவு. கருவியைப் புதிதாய்க் கற்றல் வேண்டும். நிலத்தையும் சுரங்கத்தையும் அறிதல் வேண்டும். மனுவையும் வாதத்தையும் இயன்ற அளவு தமிழில் அமைத்தல் வேண்டும். மக்கட்கும் மன்றத்திற்கும் இடையே உள்ள இடைவெளியால் பிழைப்பதை விடுத்து, அதனைக் குறைப்பதையே தன் பணியாகக் கொள்ளும் தொழில் எக்காலத்தும் வேண்டப்படும். தான் கேட்ட தீர்ப்பைத் தன் வீட்டாருக்குத் தானே எடுத்துரைக்கும் நிலையை உடையார்பாளையத்து உழவன் எய்தும் நாளே, அத்தொழில் காலத்தோடு நடந்தது என நாம் கூறத்தக்க நாளாகும்.