உப்புத் தண்ணீர் காப்பாற்றிய குழந்தைகள்

கைக்குழந்தை குடித்த பாலையெல்லாம் கக்கினால், எங்கள் திருவண்ணாமலைப் பக்கத்தில் பெரியவர்கள் முதலில் சொல்வது 'மாந்தம்'. அடுத்தது 'தொக்கம்'. வசம்பைச் சுட்டு உரைத்து நாக்கில் தடவுவார்கள். அதற்கும் நிற்காவிட்டால் தொக்கம் எடுப்பவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். பெரும்பாலான குழந்தைகளுக்குக் கக்கல் தானாகவே நின்றுவிடும். நல்ல பெயர் வசம்புக்குப் போய்ச் சேரும். அப்படி நிற்காத குழந்தைகளுக்கு என்ன ஆயிற்று, எப்போது விடிவு வந்தது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கோபன்ஹேகனில் ஹரால்ட் ஹிர்ஷ்ஸ்ப்ருங் என்றொரு குழந்தை மருத்துவர் இருந்தார். மலம் இறங்காமல் பெருங்குடல் ஊதிப்போய் இறந்த இரண்டு குழந்தைகளைப் பற்றி 1886இல் பெர்லினில் பேசினார். 1888இல் இன்னொரு நோயை எழுதினார். இரைப்பையிலிருந்து சிறுகுடலுக்குப் போகும் வாசலில் தசை தடித்து, பால் கீழே இறங்க வழியில்லாமல் போகும் நோய் அது. பிறந்து சில வாரங்களில், அதுவும் ஆண் குழந்தைகளுக்கே அதிகமாக வரும். குடித்த பால் பீய்ச்சி அடித்தாற்போல வெளியே வரும். கக்கிய கையோடு குழந்தை மறுபடி பசிக்கு அழும்.

வழியைத் திறந்தவர் ஜெர்மனியின் கொன்ராட் ராம்ஸ்டெட். 1911இல் ஒரு குழந்தைக்கு அந்தத் தடித்த தசையைக் கீறினார். கீறிய இடத்தைத் தைக்கப் போனபோது தையல் நிற்காமல் அறுத்துக்கொண்டது. குழந்தை எப்படியோ பிழைத்தது. அடுத்த குழந்தைக்கு அவர் தைக்கவே இல்லை, கீறியதோடு விட்டுவிட்டார். அதுவே போதுமானதாக இருந்தது. நூறாண்டு கடந்தும் இன்றைக்கும் அடிப்படையில் அதே கீறல்தான்.

ஆனால் கத்தி மட்டும் போதவில்லை. வாடி வதங்கி வந்த குழந்தைகள் வழி திறந்த பிறகும் இறந்தன. காரணத்தைத் தெளிவாக்கியவர்களில் முக்கியமானவர் பாஸ்டனின் ஜேம்ஸ் கேம்பிள். இரைப்பை அடைத்துக்கொண்டால் உடம்பு எதை எதை இழக்கிறது என்று 1925இல் ராஸ் என்பவருடன் சேர்ந்து கணக்கெடுத்து எழுதினார்.

விஷயம் இதுதான். இரைப்பை நீரில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். குழந்தை கக்கக் கக்க, தண்ணீரோடு அமிலமும் குளோரைடும் போய்விடும். இரத்தம் காரத்தன்மை அடையும். சிறுநீரகம் இருக்கிற தண்ணீரையும் சோடியத்தையும் காப்பாற்றப் பார்க்கும். அந்த முயற்சியில் பொட்டாசியத்தை இழக்கும். காரம் கூடினால் மூச்சு மெதுவாகும். அந்த நிலையில் மயக்க மருந்து கொடுத்தால் மூச்சே நின்றுபோகலாம்.

ஆக, முதலில் தேவைப்படுவது கத்தி அல்ல, உப்புத் தண்ணீர். லிட்டருக்கு 9 கிராம் உப்பு கலந்த சலைன். சிறுநீர் பிரியத் தொடங்கியதும் பொட்டாசியம். இரத்தத்தின் கணக்கு நேரான பிறகுதான் அறுவை. அதற்கு ஓரிரு நாள் ஆனாலும் காத்திருப்பார்கள்.

நரம்பில் உப்புநீர் ஏற்றுவது பழைய யோசனைதான். 1832இல் ஸ்காட்லாந்தில் காலரா நோயாளிகளுக்குத் தாமஸ் லாட்டா செய்து பார்த்தார். ஆனால் பச்சைக் குழந்தையின் நரம்பு நூல் மாதிரி இருக்கும். அதனால் நெடுங்காலம் தொடையில் தோலுக்கடியில் உப்புநீரைச் செலுத்தி வந்தார்கள்.

நம் ஊரில் எந்த பாட்டிலைத் தொங்கவிட்டாலும் 'குளுக்கோஸ் ஏத்தறாங்க' என்போம். எல்லா பாட்டிலும் ஒன்றல்ல. சிட்னி ரிங்கரின் உப்புக் கரைசலோடு அமெரிக்கக் குழந்தை மருத்துவர் அலெக்சிஸ் ஹார்ட்மன் 1930களில் லாக்டேட்டைச் சேர்த்தார். அதுதான் ஆர்.எல். வயிற்றுப்போக்கில் தவிக்கும் குழந்தைக்கு அது நல்லது. ஆனால் லாக்டேட் உடம்பில் காரமாக மாறும். ஏற்கெனவே காரம் ஏறிய இந்தக் குழந்தைக்கு அது ஏற்றதல்ல. வெறும் குளுக்கோஸ் நீரும் உப்புக் குறையைத் தீர்க்காது.

தமிழ்நாட்டில் குழந்தைகள் அறுவை தனித் துறையாக வளர்ந்தது 1960களில். சென்னையில் அதற்கு அடித்தளம் இட்டவர்களில் பேராசிரியர் எம்.எஸ். ராமகிருஷ்ணன் முக்கியமானவர். எங்கள் ஊருக்கோ 1989 வரை மாவட்டத் தலைநகரே வேலூர்தான். ஐடா ஸ்கடர் 1900இல் சிறிதாகத் தொடங்கி வளர்த்த சி.எம்.சி.யும் அங்கேதான். சுமார் 80 கிலோமீட்டர். பஸ்ஸில், இல்லையென்றால் காட்பாடி போகும் மீட்டர் கேஜ் ரயிலில். ஜவ்வாது மலைக் கிராமத்திலிருந்து வருகிறவர்கள் முதலில் மலையிறங்க வேண்டும். 2008இல் 108 வண்டியும், பிறகு ஊரிலேயே அரசு மருத்துவக் கல்லூரியும் வந்தபோது குறைந்தது தூரம் மட்டுமல்ல, உப்புநீர் ஏறும்வரை குழந்தை காயும் நேரமும்தான்.

ஒன்றை மட்டும் தாத்தா பாட்டிகள் நினைவில் வைக்க வேண்டும். மேலே சொன்ன அடைப்பில் வாந்தி வெறும் பாலாக, தயிராக இருக்கும். வாந்தி பச்சையாக இருந்தால் கதையே வேறு. பித்தநீர் கலந்து வருகிறது, அடைப்பு அதற்கும் கீழே என்று பொருள். குடல் முறுக்கிக்கொண்டிருக்கலாம். அப்படியானால் சில மணி நேரத்தில் இரத்த ஓட்டம் நின்று குடல் அழுகிவிடும். அங்கே காத்திருக்க அவகாசமே கிடையாது. அதேபோல, பிறந்து 24 மணி நேரத்துக்குள் தார் போன்ற முதல் மலம் போகாவிட்டாலும், வயிறு உப்பினாலும், துணி நனையாமலே இருந்தாலும், உச்சிக்குழி உள்வாங்கினாலும் நேரே ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். வசம்பு அடுப்பங்கரையிலேயே இருக்கட்டும்.